இஸ்பேட் ராஜா வந்தால் என்ன செய்வது?

சீட்டுக்கட்டு: கேள்வி – பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ரெஜிசைட் என்ற ஒரே ஆட்டத்தைப் பற்றியவை. எல்லாமே வடசென்னையிலிருந்து வந்தவை.

சாதாரண சீட்டுக்கட்டிலேயே ரெஜிசைட் ஆடலாம் என்கிறார்களே, நிஜமா? எங்கள் வீட்டில் ரம்மி தவிர வேறெதுவும் தெரியாது. காசு வைத்து ஆடுவதா என்று அம்மா வேறு கேட்கிறார்.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அம்மாவுக்கு முதலில் பதில்: காசுக்கு இதில் வேலையே இல்லை. ஆடுகிற எல்லாரும் ஒரே கட்சி. ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பீர்கள், தோற்றால் எல்லாரும் தோற்பீர்கள். யாரிடம் யார் வசூல் செய்வது?

2020-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆட்டம் இது. அழகான படங்களோடு தனிக் கட்டும் விற்கிறது, ஆனால் கடையில் கிடைக்கும் 52 சீட்டும் ஜோக்கரும் போதும். ஒருவர் முதல் நால்வர் வரை ஆடலாம்.

படச்சீட்டு 12-ஐயும் தனியே எடுங்கள். 4 ராஜாவைக் கலைத்து அடியில் வையுங்கள், அதன் மேல் 4 ராணியைக் கலைத்து வையுங்கள், அதற்கும் மேல் 4 ஜாக்கி. இந்தக் கோட்டைக் கட்டில் இருப்பவர்கள்தான் எதிரிகள். மேலேயிருந்து ஒவ்வொருவராகத் திருப்புவீர்கள். ஜாக்கிக்கு உயிர் 20, அடி 10. ராணிக்கு உயிர் 30, அடி 15. ராஜாவுக்கு உயிர் 40, அடி 20.

மிச்சமிருக்கும் 2 முதல் 10 வரையிலான சீட்டுகளும் 4 ஏஸும் சேர்ந்து 40. இது நடுக்கட்டு. மூன்று பேர் ஆடினால் இதில் 1 ஜோக்கர், நாலு பேர் என்றால் 2. இரண்டு பேருக்கு ஜோக்கர் கிடையாது. கையில் வைத்துக்கொள்ளக்கூடிய சீட்டு, இரண்டு பேருக்குத் தலா 7, மூன்று பேருக்கு 6, நாலு பேருக்கு 5.

உங்கள் முறை வந்ததும் ஒரு சீட்டை இறக்குகிறீர்கள். அதன் எண் எதிரியின் உயிரில் கழியும். கூடவே அதன் சாதிக்கு (ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட்) உள்ள சக்தியும் வேலை செய்யும். ஆட்டின், கழித்த சீட்டுகளில் அத்தனையை நடுக்கட்டின் அடியில் திருப்பி வைக்கும். டைமன் போட்டால், போட்டவரில் தொடங்கி வரிசையாக ஆளுக்கொன்றாக அத்தனை சீட்டு எடுக்கலாம். கிளாவர் உங்கள் அடியை இரட்டிப்பாக்கும். இஸ்பேட் எதிரியின் அடியை அந்த எண் அளவுக்குக் குறைக்கும், எதிரி சாகும்வரை அந்தக் குறைப்பு நிற்கும். எதிரியின் சாதியும் உங்கள் சீட்டின் சாதியும் ஒன்றாக இருந்தால் சக்தி பலிக்காது, எண் மட்டும் கழியும்.

எதிரி சாகவில்லையா? அவன் அடிக்குச் சமமாகவோ அதிகமாகவோ கையிலிருந்து சீட்டைக் கழிக்க வேண்டும். அந்த முறையில் ஆடியவர்தான் கழிப்பார். அவரால் முடியாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, எல்லாருக்கும்.

அண்ணே, ஞாயித்துக்கெழம நாலு பேர் குந்தி ஆடுறோம். ஜாக்கி நாலும் ஈஸியா போய்டுது. ராணிகிட்ட நாக்கு தள்ளுது. மொதல் ராஜா வந்ததும் ஒரே ரவுண்டுல காலி. ஒரு தபா கூட ரெண்டாவது ராஜா மூஞ்சியப் பாத்ததில்ல. எங்க தப்பு பண்றோம்?
– வாசகர், வியாசர்பாடி

ஜாக்கியிடம்தான். "ஈஸியா போய்டுது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். 12 எதிரிகளின் மொத்த உயிர் 80 + 120 + 160, அதாவது 360. உங்கள் நடுக்கட்டில் இருக்கும் எல்லாச் சீட்டையும் கூட்டினால் 220-தான் வரும். இந்த 220-இலிருந்துதான் அடிக்கவும் வேண்டும், வாங்கும் அடிக்குக் கழிக்கவும் வேண்டும். வரவு 220, செலவு 360-க்கும் மேலே. கிளாவர் இரட்டிப்பும் ஆட்டின் மீட்பும் கொஞ்சம் ஈடுகட்டும். மீதியை எதிரியிடமிருந்தேதான் பிடுங்க வேண்டும்.

பிடுங்குவதற்கு வழி சரியடி. எதிரியின் உயிர் கூடவோ குறையவோ இல்லாமல் சரியாகப் பூஜ்யத்தில் முடிந்தால், அந்தப் படச்சீட்டு நடுக்கட்டின் மேல் கவிழ்த்து வைக்கப்படும். அடுத்து டைமன் போடுபவர் கைக்கு அது வந்துவிடும். கையில் வந்த ஜாக்கிக்கு மதிப்பு 10, ராணிக்கு 15, ராஜாவுக்கு 20, சாதி சக்தியும் உண்டு. நாலு ஜாக்கி, நாலு ராணியையும் சரியடியில் பிடித்தால் உங்கள் பக்கம் 100 கூடுகிறது. ஒரு புள்ளி அதிகமாக அடித்துவிட்டால் அந்தச் சீட்டு கழிவுக்குப் போய்விடும். பிறகு ஆட்டின் போடும்போது அதிர்ஷ்டம் இருந்தால் திரும்பும்.

நாலு பேர் ஆட்டத்தில் ஆளுக்கு 5 சீட்டு. நடுக்கட்டுச் சீட்டின் சராசரி மதிப்பு 5.5. ராஜாவின் 20 அடிக்கு முழுதாக ஈடுகொடுக்க மூன்று நான்கு சீட்டு போகும். ஆக ஒரே முறையில் ஒருவர் கை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். நீங்கள் 40 உயிரைப் பார்த்துப் பயந்து பெரிய சீட்டாக வீசுகிறீர்கள். உங்களை முடிப்பது அந்த 20.

கையில் 10, 7, 6, 4, 3 இருக்கிறது, எதுவும் இஸ்பேட் இல்லை என்று வையுங்கள். 10-ஐ வீசினால் மிச்சம் 20. அப்படியே முழுசாகக் கழித்துவிட்டு வெறுங்கையோடு உட்காருவீர்கள். 7-ஐ இறக்கினால் 10, 6, 4-ஐக் கழித்து ஒரு 3 மிஞ்சும். எதையும் இறக்காமல் பாஸ் சொன்னால் 10, 7, 3-ஐக் கழித்து 6-ம் 4-ம் மிஞ்சும். எது சரி என்பது அந்த நேரத்து உயிரைப் பொறுத்தது. ஆனால் சீட்டை இறக்குவதற்கு முன்னால் 'இதைப் போட்டபிறகு மிச்சத்தின் கூட்டுத்தொகை அடிக்குத் தாங்குமா' என்று பார்க்காமல் கை அசையவே கூடாது. புதியவர்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான்: போட்ட சீட்டு பிரமாதமாக இருக்கும், மிச்சம் 14-தான் இருக்கும்.

கழிக்கும்போது மீதிச் சில்லறை கிடைக்காது. அடி 10 என்றால் 9-ம் 8-ம் கழித்தவருக்கு 7 நஷ்டம். 2, 3, 4 போன்ற சின்னச் சீட்டுகளைக் குப்பை என்று முதலிலேயே தள்ளிவிடாதீர்கள். சரியடிக்கும் அவைதான் உதவும், கழிக்கும்போது கணக்கைச் சரிக்கட்டவும் அவைதான். பஸ்ஸில் 500 ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பவர் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

சரியடிக்கு ஒரு நுணுக்கம். கிளாவரின் அடி இரட்டிப்பாவதால் எப்போதும் இரட்டைப்படை. எதிரிக்கு 13 மிச்சம் என்றால் எந்தக் கிளாவரும் சரியாக முடிக்காது, 9-ம் 4-ம் போல வேறு சாதி வேண்டும். அதனால் கிளாவரை முதலில் அடித்து, மிச்சத்தை மற்ற சாதிகளால் அளந்து முடியுங்கள். ஜாக்கிக்கு கிளாவர் 10 ஒன்றே போதும், சரியாக 20. கிளாவர் 5-ம் வேறொரு 5-ம் சேர்ந்தாலும் 20. ஒரே எண் கொண்ட சீட்டுகளை, கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டாதவரை, சேர்த்து இறக்கலாம். அப்போது ஒவ்வொரு சாதியின் சக்தியும் மொத்த எண்ணுக்கு வேலை செய்யும். ஆட்டின் 5, டைமன் 5 சேர்த்தால் 10 சீட்டு திரும்பும், 10 சீட்டு எடுக்கலாம். நாலு சாதி 2-ம் ஒரே கையில் சேர்ந்தால் அதைவிட அழகான காட்சி இந்த ஆட்டத்தில் இல்லை: 8 திரும்பும், 8 எடுக்கலாம், எதிரியின் அடியில் 8 குறையும், உயிரில் 16 போகும், இதில் எதிரியின் சாதிக்கு உள்ள சக்தி ஒன்று மட்டும் பலிக்காது.

இன்னொன்று, எதிரியைக் கொன்றவர்தான் அடுத்த எதிரியை முதலில் சந்திக்கிறார். கொன்ற முறையில் அடி வாங்க வேண்டாம், ஆனால் உடனே புதிய ஆளை எதிர்த்து ஆடி, அவன் அடியையும் தாங்க வேண்டும். கையில் இரண்டு சீட்டு வைத்திருப்பவர் கடைசி ராணியைக் கொன்றால், ராஜாவின் 20 அவர் தலையில். கை நிறைய வைத்திருப்பவரிடம் கடைசி அடியை விடுங்கள்.

அதற்கு நேரம் வேண்டும். ராணியின் அடியை இஸ்பேட் போட்டு முழுசாகப் பூஜ்யமாக்கிவிட்டால் அவள் வெறும் பொம்மை. அப்போது அவசரப்பட்டுக் கொல்லாதீர்கள். அவளுக்கு 12 மிச்சம் இருக்கிறதென்றால், ஒருவர் ஆட்டின் 5 போடட்டும், 5 சீட்டு திரும்பும், மிச்சம் 7. அடுத்தவர் டைமன் 7 போடட்டும். எல்லார் கையும் நிறையும், ராணி சரியடியில் மடிவாள். டைமன் போட்டவர் நிறைந்த கையோடு ராஜாவைத் திருப்புவார். கையில் சரியான சீட்டு இல்லாதவர் பாஸ் சொல்லலாம், அடி பூஜ்யம் என்பதால் செலவில்லை. மற்ற எல்லாரும் தங்கள் கடைசி முறையில் பாஸ் சொல்லியிருந்தால் மட்டும் நீங்களும் சொல்ல முடியாது.

ஏஸோடு இரண்டு 3-ஐச் சேர்த்து இறக்கலாமா?
– வாசகர், கொளத்தூர்

முடியாது. ஏஸ் தனியாகவோ வேறு ஒரே ஒரு சீட்டோடோதான் போகும். ஜோக்கரோடு சேராது. டைமன் ஏஸ், கிளாவர் 9 சேர்ந்தால் மொத்தம் 10: அடி 20, எடுக்கும் சீட்டு 10. இவ்வளவு செய்கிற சீட்டை 1 மதிப்புக்குக் கழிப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

ஆட்டின் சீட்டு எங்களுக்குப் பயனே இல்லை. திருப்பி வைத்த சீட்டு கைக்கு வருவதற்குள் செத்துப்போகிறோம். எப்போது போட வேண்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது.

எதிரியை அடிக்க இறக்கிய சீட்டுகள் அவன் சாகும்வரை மேஜையிலேயே கிடக்கும். கழிவுக்கட்டுக்குப் போகாது. ஆட்டின் கழிவிலிருந்துதான் எடுக்கும். முதல் ஜாக்கிக்கு முதல் சீட்டாக ஆட்டின் 9 போட்டால் கழிவில் ஒன்றுமே இருக்காது, 9 அடி மட்டும் மிச்சம். ஓர் எதிரி செத்த மறுநொடிதான் கழிவுக்கட்டு கொழுத்திருக்கும். ஆட்டின் போட நல்ல நேரம் புது எதிரி திரும்பியவுடன், அவன் ஆட்டின் சாதியாக இல்லாதபோது.

இரண்டாவது, திருப்பிய சீட்டு நடுக்கட்டின் அடியில் போகிறது. கழிவைக் கலைத்து, முகம் பார்க்காமல் எண்ணி, கவிழ்த்து அடியில் வைக்க வேண்டும். மேலே 20 சீட்டு இருந்தால் அவையெல்லாம் தீர்ந்தபிறகே வரும். அதனால் நடுக்கட்டு முழுசாகத் தீர்ந்தபின் ஆட்டின் தேடுவதும் ஆபத்து, நிறைய இருக்கும்போது அவசரப்படுவதும் வீண். பத்துச் சொச்சம் சீட்டு இருக்கும்போது போட்டுவிடுவது எங்கள் கணக்கு. விதிவிலக்கு, ஆட்டினும் டைமனும் ஒரே முறையில் சேர்ந்து வரும்போது. ஆட்டின்தான் முதலில் நடக்கும். நடுக்கட்டு காலியாக இருக்கும் நேரத்தில் ஆட்டின் ஏஸையும் டைமன் 8-ஐயும் சேர்த்துப் போட்டால், 9 சீட்டு திரும்பி அதே 9-ம் உடனே கைகளுக்கு வரும்.

மூன்று பேர் ஆடுகிறோம். மற்ற ராஜாக்களை எப்படியோ சமாளிக்கிறோம். இஸ்பேட் ராஜாவிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் தோல்வி. அவனுக்கென்று தனி வழி இருக்கிறதா?
– வாசகர், காசிமேடு

இருக்கிறது. அவன்தான் நால்வரிலும் கொடியவன், ஏனென்றால் அவன் அடியைக் குறைக்க முடியாது. மற்ற மூவரையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். கிளாவர் ராஜாவிடம் இரட்டிப்பு கிடையாது, முதலில் இஸ்பேட் போட்டு அடியைப் பூஜ்யமாக்கிவிட்டு நிதானமாக 40-ஐக் கழியுங்கள். டைமன் ராஜாவிடம் சீட்டு எடுக்க முடியாது, அதனால் அவன் வருவதற்கு முன்பே கை நிறைந்திருக்க வேண்டும். ஆட்டின் ராஜா நால்வரில் சாது.

இஸ்பேட் ராஜாவிடம் நிதானம் உதவாது. ஒவ்வொரு முறையும் 20. ஐந்து முறை ஆடிக் கொன்றால் நான்கு அடி, அதாவது 80 மதிப்புச் சீட்டு போயிருக்கும். இரண்டே முறையில் முடிக்கப் பாருங்கள். முதல் ஆள் கிளாவர் 9-ஐயும் டைமன் ஏஸையும் சேர்த்து இறக்குகிறார். அடி 20, எடுக்க 10 சீட்டு உரிமை. கை நிறைந்தவர்கள் எடுக்காமல் தாண்டிவிடுவார்கள், அதனால் போட்டவருக்குத் தேவையான அளவு வந்துவிடும். 6 சீட்டு சேர்ந்த கையிலிருந்து 8, 7, 5-ஐக் கழித்து 20-ஐத் தாங்குகிறார். அடுத்தவர் கிளாவர் 10. இன்னொரு 20. ராஜா சரியடியில் மடிந்து நடுக்கட்டின் மேல் உட்காருகிறான்.

பெரிய கிளாவர்களை இதற்காகவே ராணிகளிடம் செலவழிக்காமல் வைத்திருப்பது நல்லது. முன்பே பிடித்த கிளாவர் ராணி கையில் இருந்தால் ஒரே அடியில் 30. கிளாவர் ராஜா இருந்தால் 40, ஒரே சீட்டில் சரியடி! கழிப்பதற்கோ, பெரிய இஸ்பேட் சீட்டுகளையே கொடுங்கள். இவனிடம் அவற்றுக்கு வேறு வேலையில்லை.

இன்னொரு வழி ஜோக்கர். மூன்று பேர் கட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகத்தான் இறக்க வேண்டும். அடி பூஜ்யம், ஆனால் எதிரியின் சாதித் தடை நீங்கிவிடும், அந்த முறையில் அடி வாங்கவும் வேண்டாம், அடுத்து யார் ஆடுவது என்று போட்டவரே சொல்லலாம். முன்பே போட்டு வீணான இஸ்பேட்களும் அப்போது உயிர்பெறும். (கிளாவர் எதிரியிடம் முன்பு போட்ட கிளாவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.) ஆனாலும் ஜோக்கரை முதலில் போடுவதே லாபம், இல்லாவிட்டால் இஸ்பேட் போட்டவர் 20 வாங்கியிருப்பார்.

மேஜையில் அது இப்படிப் போகும். முதல் ஆள் ஜோக்கர் போட்டு இரண்டாமவரைக் கைகாட்டுகிறார், செலவு இல்லை. இரண்டாமவர் இஸ்பேட் 10: ராஜாவின் உயிர் 30, அடி 10. அவர் 10 கழிக்கிறார். மூன்றாமவர் இஸ்பேட் 5, டைமன் 5 சேர்த்து: உயிர் 20, அடி பூஜ்யம், எல்லாரும் சீட்டு எடுக்கிறார்கள். முதல் ஆள் கிளாவர் 10: முடிந்தது. மொத்தச் சேதம் 10 மதிப்புச் சீட்டு.

ஒவ்வொரு தடவையும் சீட்டு இவ்வளவு வசதியாக அமையாது. ஆனால் ஜோக்கரை இரண்டாவது ஜாக்கியிடமே வீசியவருக்கு ஒரு தடவை கூட அமையாது. நீண்ட நேரம் கையில் வைத்திருப்பதும் இலவசமல்ல, கழிக்கும்போது அதற்கு மதிப்பு பூஜ்யம், ஓர் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இஸ்பேட் ராணி, இஸ்பேட் ராஜா இரண்டில் ஒருவருக்கு என்று ஒதுக்குங்கள்.

என் தம்பி இஸ்பேட் வைத்திருந்தால் இருமுகிறான். டைமன் இருந்தால் தலையைச் சொறிகிறான். இது ஆட்டத்தில் சேர்த்தியா?
– வாசகி, புளியந்தோப்பு

சேர்த்தி இல்லை. கையில் இருப்பதை எந்த விதத்திலும் தெரிவிக்கக் கூடாது என்பது விதி. ஒரே விலக்கு: ஜோக்கர் விழும்போது, சீட்டைச் சொல்லாமல், 'நான் போகிறேன்' என்றோ 'எனக்கு வேண்டாம்' என்றோ விருப்பத்தைச் சொல்லலாம். கழிவுக்கு என்ன போனது, மேஜையில் என்ன கிடக்கிறது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதைக் கவனித்தாலே பாதி விஷயம் புரியும். ஒருவர் 15 அடிக்குச் சின்னச் சீட்டுகளாக நாலைக் கழித்தால், பெரியதை எதற்கோ காப்பாற்றுகிறார் என்று அர்த்தம். புதிதாகக் கற்கும் முதல் இரண்டு மூன்று ஆட்டங்களை எல்லாரும் சீட்டைத் திறந்து வைத்து ஆடுங்கள், தப்பில்லை. அதற்குப் பிறகும் தம்பிக்கு இருமல் வந்தால் மருந்து வாங்கிக் கொடுங்கள்.

ஒண்டியா ஆட முடியுமா? நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா கூட ஆட ஆளு இல்ல.
– வாசகர், எண்ணூர்

ஆடலாம். கையில் 8 சீட்டு, ஜோக்கர் இரண்டும் கட்டில் சேராமல் பக்கத்தில் இருக்கும். ஒரு ஜோக்கரைத் திருப்பினால் கையிலுள்ளதை முழுக்கக் கழித்து, புதிதாக 8 எடுக்கலாம். சீட்டு இறக்குவதற்கு முன்பும் செய்யலாம், அடி வாங்குவதற்குச் சற்று முன்பும் செய்யலாம். இரண்டாவதுதான் பெரும்பாலும் நல்லது. கையில் 2, 3, 4 மட்டும் மிஞ்சி ராஜாவின் 20 வரும் நேரத்தில் திருப்பினால், கழிவது 9 மதிப்பு, வரும் 8 சீட்டுக்கு சராசரி மதிப்பு 44. டைமன் ராஜா, டைமன் ராணி எதிரிலும் இது செல்லும். ஆனால் நடுக்கட்டில் 8 சீட்டு இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள். ஜோக்கரைத் தொடாமல் ஜெயித்தால் தங்கம், ஒன்று திருப்பினால் வெள்ளி, இரண்டும் என்றால் வெண்கலம்.

கேரம் போர்டு மேலயே வச்சு ஆடலாமா? வேற மேஜை இல்ல.
– வாசகர், கொருக்குப்பேட்டை

பவுடர் போட்ட போர்டு என்றால் வேண்டாம். போரிக் பவுடர் சீட்டின் முதுகில் ஒட்டி, கலைக்கும்போது ஒன்றோடொன்று வழுக்கும். அதைவிட மோசம், பவுடர் பட்ட சீட்டு எது என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். போர்டைக் கவிழ்த்துப் போடுங்கள், அல்லது மேலே பழைய பேப்பரை விரியுங்கள். மொட்டைமாடியில் கடல்காற்று இருந்தால் நடுக்கட்டின் மேல் ஸ்ட்ரைக்கரை வையுங்கள். நடுக்கட்டிலிருந்து சீட்டு எடுக்கும்போதும் அதில் வைக்கும்போதும் மட்டும் எடுத்தால் போதும்.